யார் சுமக்கும் விதி?

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர். அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற உபதேசியாரைப் பார்க்க, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அதே ஊர் இளைஞன் வந்திருக்கிறான். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியில் பிறந்தவன். வீட்டில் அவன் ஒருவன்தான் கிறிஸ்தவன். அடுத்த மாதம் மாமன் மகளோடு கல்யாணம். அவள் சிறுவயது முதல் உபதேசியாரின் ஜெபவீட்டுக்கு வந்துபோகிறவள். அவர்கள் பேசிக்கொண்டது இது.

சீடன்: ஐயா, ஞானஸ்நானம் எடுத்தபோது ஆம்பூர் சபையில் ஒரு தாள் கொடுத்தார்கள். 17 வரி. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உங்களிடம் காட்டிவிடலாம் என்று வந்தேன்.

குரு: படி, கேட்கிறேன்.

சீடன்: பொட்டு கூடாது. பூ கூடாது. நகை கூடாது. தாலி கூடாது. பட்டுச் சேலை கூடாது. தலைமுடி வெட்டக் கூடாது. சினிமா, டிவி கூடாது. கல்யாணத்துக்கு மேளம் கூடாது. படையல் சாப்பிடக் கூடாது. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கக் கூடாது. ஊர்ப் பந்தியில் உட்காரக் கூடாது. குடி, புகை கூடாது. வட்டிக்கு விடக் கூடாது. தசமபாகம் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகக் கூடாது. வேறு சபை ஆராதனைக்குப் போகக் கூடாது. போதகர் சொல்லுக்கு மறுசொல் கூடாது.

குரு: பாதியை டைரியைப் பார்க்காமலே சொல்லிவிட்டாய். முதல் ஆறு வரியை மட்டும் திரும்பப் பார். பொட்டு, பூ, நகை, தாலி, பட்டு, முடி. இதில் நீ எதை விட வேண்டியிருந்தது?

சீடன்: எனக்கு ஒன்றும் இல்லை. முடிகூட ஆண்கள் வெட்டிக்கொள்ளலாம்.

குரு: ஆக, ஆறு வரியும் அவள் உடம்பின் மேல். கையெழுத்துப் போட்டது நீ.

சீடன்: அவளிடமும் சொன்னேன், ஐயா. சரி என்றாள்.

குரு: சரி என்றாளா, ஒன்றும் சொல்லாமல் இருந்தாளா?

சீடன்: ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நகையைப் பற்றி வேதத்திலேயே இருக்கிறதே. பேதுருவும் எழுதியிருக்கிறார், தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலும் வருகிறது. இதை நாங்களாக உண்டாக்கவில்லை.

குரு: இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே பேச்சு பொன்னையும் முத்தையும் விலை கூடிய துணியையும் பற்றியது. அந்தச் சபைகளில் அடிமைகளும் உட்கார்ந்திருந்தார்கள், அடிமைகளை வைத்திருந்த வீட்டுக்காரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருப்பதையெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி வந்தால் பக்கத்தில் இருப்பவள் கூசிப்போவாள். அந்தக் கண்டிப்பு வசதி உள்ளவளைக் கண்டித்தது. உன் தாளில் அதே கண்டிப்பு யாரைத் தேடி வருகிறது? சந்தையில் ஒரு முழம் பூ வாங்குகிற கூலிக்காரியை. உங்கள் சபைக்குக் காரில் வந்து இறங்குகிற மூப்பர்கள் உண்டா?

சீடன்: உண்டு.

குரு: காரைப் பற்றி 17 வரியில் ஒரு வரியாவது உண்டா?

சீடன்: இல்லை. அதற்காக, விதியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது, ஐயா. நான் எப்படி இருந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி எங்கே விழுந்து கிடந்தேன் என்று காலையில் யாராவது சொன்னால்தான் எனக்கே தெரியும். பன்னிரண்டாவது வரி இல்லையென்றால் இன்றைக்கு நான் இல்லை. நீங்கள் சுதந்திரம் என்று சொல்லும்போது எனக்குச் சாராயக்கடைதான் ஞாபகம் வருகிறது.

குரு: அந்தப் பன்னிரண்டாவது வரியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நாக்கு வறண்டது உனக்கு, கை நடுங்கியது உனக்கு. அதைச் சுமந்தவன் நீ. தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறான். கிடாயின் கழுத்தில் கட்டுவதும் அதே கயிறுதான். ஒன்று, இறங்குகிறவன் தனக்காகக் கட்டிக்கொண்டது. இன்னொன்று, இழுக்கிறவன் தன் வசதிக்காகக் கட்டியது.

சீடன்: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் அது சரியாக வராது. முதல் நாள் கயிற்றை நானாகக் கட்டிக்கொள்ளவில்லை. என் சிநேகிதன்தான் இழுத்துக்கொண்டு போனான். குடிக்கிறவன் தானாகக் கட்டிக்கொள்வான் என்று காத்திருந்தால் அவன் செத்துப்போவான்.

குரு: ஒத்துக்கொள்கிறேன். இழுத்த சிநேகிதனுக்கு என்ன செலவு ஆயிற்று?

சீடன்: செலவா? அவன் அறையிலேயே என்னை வைத்துக்கொண்டான். என் பங்கு வாடகையையும் அவனே கொடுத்தான். வாந்தி எடுத்தால் துடைத்தான். நான் குடிக்கக் கேட்டுவிடப் போகிறேன் என்று அவன் எந்த விருந்துக்கும் போகவில்லை.

குரு: பார்த்தாயா, உன் மேல் வைத்த விதியின் மறுமுனையை அவன் தன் தோளில் வைத்துக்கொண்டான். பிறர் மேல் விதி வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைக்கிறவன் ஒரு பக்கம் பிடிக்கிறானா என்று கேட்கிறேன். சுமையைக் கட்டி அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டு, தான் விரல்கூட வைக்காத வேதபாரகர்களை இயேசு கண்டித்ததும் இந்தக் கணக்கில்தான். அவளுடைய ஆறு வரியில் நீ எந்தப் பக்கம் பிடித்தாய்?

சீடன்: அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறொன்று கேட்கிறேன். போன திருவிழாவில் காளியம்மனுக்குக் கிடா வெட்டினார்கள். என் ஆயா தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவந்தாள், பிடி சுடுகிறது என்று முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அம்மனுக்கு வெட்டியது, ஒரு வாய் சாப்பிடு என்றாள். நான் வாசற்படியிலேயே நிறுத்தி, வேண்டாம், உள்ளே கொண்டுவராதே என்றேன். மூடியைத் திறந்து குழம்பைப் பார்த்தாள், மூடினாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?

குரு: கொரிந்து பட்டணத்தில் இதே வழக்கு வந்தது. அங்கே கடைத்தெருவுக்கு வரும் இறைச்சியில் கோவில் பலியும் கலந்திருக்கும். பவுல் ஒரே அடியாகக் கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்றார். விசுவாசத்தில் இல்லாதவர் விருந்துக்குக் கூப்பிட்டுப் போக மனமிருந்தால், போய் வைத்ததைச் சாப்பிடு என்றார். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் விட்டுவிடு. அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக என்றார். கோவிலுக்குள்ளேயே போய்ப் பலி விருந்தில் உட்காருவதை அவர் ஏற்கவில்லை.

சீடன்: ஆயா எடுத்துச் சொன்னாளே.

குரு: அதனால் நீ சாப்பிடாததில் நான் குற்றம் காணவில்லை. வாசற்படியில் நிறுத்தினாயே, அது எந்த நிருபத்திலும் இல்லை. குழம்பை மறுக்கத்தான் உன் மனச்சாட்சி சொன்னது; ஆயாவை மறுக்கச் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நீ வடித்த சோற்றை அவளுக்குப் போட்டிருக்கலாம்.

சீடன்: பவுல் இன்னொன்றும் சொன்னாரே, ஐயா. என்னால் ஒரு பலவீனமான சகோதரன் இடறுவான் என்றால் நான் இறைச்சியையே தொடமாட்டேன் என்று. எங்கள் சபையில் எல்லா விதிக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள். பூ வைத்தால் ஒரு மூத்த சகோதரி இடறுகிறார். மேளம் அடித்தால் மூப்பர் இடறுகிறார். இடறுகிறவர்கள் கூடக் கூட விதியும் கூடுகிறது.

குரு: அந்த மூத்த சகோதரி மற்றவள் தலையில் பூவைப் பார்த்ததும் தானும் போய்ப் பூ வைத்து, அதனால் விசுவாசத்தை இழந்துபோனாரா?

சீடன்: இல்லை, ஐயா. முகத்தைச் சுளித்தார்.

குரு: பவுல் பேசியது முகம் சுளிக்கிறவரைப் பற்றி அல்ல. நேற்றுவரை விக்கிரகத்தைக் கும்பிட்டவன், நீ சாப்பிடுவதைப் பார்த்து, மனம் ஒப்பாமலே தானும் சாப்பிட்டு, உள்ளே உடைந்துபோகிறான்; அவனைப் பற்றி. குடியை விட்டு ஆறு மாதமான ஒருவன் எதிரில் இருந்தால் நான் கிளாஸைத் தொடமாட்டேன். விழுந்தால் விழுகிறவன் அவன். உன் மூத்த சகோதரிக்கு விழும் ஆபத்து ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தனக்குப் பிடிக்காததையெல்லாம் இடறல் என்று சொல்லத் தெரிந்தவர் சபையில் பலவீனர் அல்ல, தம்பி, அவர்தான் அதிகாரி. சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைத் தீர்ப்பு செய்யக் கூடாது என்றும் அதே பவுல் ரோமருக்கு எழுதினார். அந்த வாக்கியத்தை உன் சபையில் வாசித்தார்களா?

சீடன்: கேட்ட ஞாபகம் இல்லை. அப்படியென்றால் பவுல் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறவரும் இல்லை.

குரு: ஒரு இடத்தில் அவர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து தனிப் பந்திக்குப் போய்விட்டார். இடறல் வேண்டாம் என்ற நல்ல எண்ணமாகக்கூட இருந்திருக்கலாம். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கறியை விடத் தயாராக இருந்த மனுஷன் பந்தியை விடத் தயாராக இல்லை. ஏன்?

சீடன்: கறியை விட்டால் இழப்பது பவுல். பந்தியை விட்டால் இழப்பது, கீழே உட்கார வைக்கப்படுகிறவன்.

குரு: அதுதான் வேர். இப்போது உன் தாளின் பதினோராவது வரியைப் படி.

சீடன்: ஊர்ப் பந்தியில் உட்காரக் கூடாது.

குரு: தனிப் பந்தி போட்டுக்கொள்ளச் சொல்லும் குரல் இந்த நாட்டுக்குப் புதிதா? சாதிதான் அதை நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைச் சுவிசேஷத்தின் பேரால் திருப்பிச் சொல்கிறார்கள். 1950ஆம் வருடத்து ஜனாதிபதி ஆணை பழங்குடிக்கு மத நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. மதம் மாறினாலும் சர்க்கார் கணக்கில் நீ மலையாளிதான். சர்க்காரே உன்னை இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்லாதபோது, நீயாக ஏன் சொல்லிக்கொள்கிறாய்?

சீடன்: படையல் போட்ட பந்தியாக இருந்தால்?

குரு: அப்போது இலையில் எதைத் தொடலாம், எதை விடலாம் என்று உன் மனச்சாட்சியோடு பேசிக்கொள். காதுகுத்துப் பந்திக்கும் சாவுப் பந்திக்கும் போகாமல் இருக்க அந்த வரியை மறைவாக வைத்துக்கொள்ளாதே.

சீடன்: ஐயா, எனக்கு ஒரு பயம். இப்படி ஒவ்வொரு வரியாக விசாரித்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. மொத்தமாக எடுத்துக்கொண்டால்தான் பிடிப்பு இருக்கும்.

குரு: மொத்தமாக எடுத்ததும், மொத்தமாகத் தள்ளியதும் நம் நாட்டில் என்ன செய்தன என்று சொல்கிறேன். 1703 கடைசியில் தூர்னோன் என்ற போப்பாண்டவரின் தூதர், சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் இருந்தார், உடம்பு சுகமில்லை. மதுரை மிஷனின் உள்நாட்டுச் சபைகளை அவர் பார்க்கவே இல்லை. 1704இல் ஒரு கட்டளை போட்டார். திருநீறு கூடாது, பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. எல்லாம் வெளியிலிருந்து வந்தவர் போட்ட விதி. அதே கட்டளையில் இன்னும் இரண்டு வரி இருந்தன: மாதவிலக்கான பெண்ணைத் தள்ளி வைக்கக் கூடாது, நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருவானவரே போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும்.

சீடன்: ஒரே தாளில் இரண்டு விதமும்.

குரு: ஆமாம். தூக்கி எறிந்தால் அந்த இரண்டு வரியும் போய்விடும். 40 வருடம் வழக்கு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் போப்பாண்டவர் தீர்ப்பு சொன்னபோது, அந்தக் கடைசி வரிக்கு ஒரு சந்து கிடைத்தது: பறையருக்கென்று தனிக் குருமாரை வைத்துக்கொள்ளலாம் என்று. தாலியிலிருந்த உருவத்தை மாற்றச் சொன்னபோது பாரம் விசுவாசியின் மேல் விழுந்தது; அதற்குச் சந்து தேவைப்படவில்லை. வீட்டு வாசலைத் தாண்டச் சொன்னபோது பாரம் குருவானவரின் மேலும் அவரைச் சூழ்ந்திருந்த மேல்சாதியாரின் மேலும் விழுந்தது.

சீடன்: அது கத்தோலிக்கத் திருச்சபை. நாம் வேறு அல்லவா?

குரு: நம்முடையதையும் கேள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பிறந்தவர், மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை. அவர் பாட்டு இல்லாமல் நம் சபைகளில் ஞாயிறு கிடையாது. 1829 வாக்கில் புதிதாக வந்த மிஷனரிமார் மேல் அவர் முறையிட்டார்; நான்கு கொடுமைகள் என்றார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்கிறார்கள், கோவிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள் என்று மூன்று. இந்த மூன்றுக்கும் நான் அவர் பக்கம்.

சீடன்: நாலாவது?

குரு: சாதி வித்தியாசம் இல்லாமல் சேர்ந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பது.

சீடன்: அவரா?

குரு: அவர்தான். பூவைப் பறிக்கிற விதியையும், பிரிவினையைப் பறிக்கிற விதியையும் ஒரே கணக்கில் எழுதினார். இரண்டும் தன் சுதந்திரத்தில் கை வைப்பதாக அவருக்குப் பட்டது. பூ அவருடையது, அதைக் கேட்டது நியாயம். சேர்ந்து உட்காராமல் இருக்கும் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவன் அவர் அல்ல. பின்னால் உட்கார வைக்கப்பட்டவன். உன் சபை எல்லாவற்றையும் விதி என்று மொத்தமாக எடுத்தது, அவர் எல்லாவற்றையும் வழக்கம் என்று மொத்தமாகக் காத்தார்.

சீடன்: சாதியைச் சுதந்திரம் என்று சொல்ல ஒருவர் துணிவாரா, ஐயா?

குரு: பெரிய அறிவாளிகளே துணிந்தார்கள். 1520இல் லுத்தர் கிறிஸ்தவனுடைய சுதந்திரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். விசுவாசம் ஒருவனை எல்லா விதியிலிருந்தும் அவிழ்த்துவிடுகிறது, அன்பு அவனை அயலானோடு கட்டுகிறது என்பது சாரம். அவர் வழிவந்தவர்கள், கட்டளையும் இல்லாத தடையும் இல்லாத காரியங்களில் சபை யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்தார்கள். நல்ல கொள்கை. அந்த வழியில் வந்த லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை கிழக்கே பயணம் செய்தவர், தமிழ் கற்றவர், 1856இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர். அவர், சாதியும் வெளிக்காரியம், சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்யத் தானாக உதிரும், சபை வற்புறுத்தக் கூடாது என்றார். சென்னையில் இருந்த மற்ற மிஷனரிமாரோ 1850இல், யார் சமைத்ததையும் சேர்ந்து சாப்பிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

சீடன்: அப்போது அதிலிருந்து தப்ப நினைத்தவர்கள் எல்லாம் லைப்சிக் மிஷன் பக்கம் ஓடியிருப்பார்கள்.

குரு: தஞ்சாவூர் வட்டாரத்தில் அப்படி நிறையப் பேர் போனார்கள். லைப்சிக் மிஷனுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் என்பவர் இது சுதந்திரம் அல்ல என்று சண்டை போட்டு வெளியே வந்தார். கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்த மலைக்குக் கீழே திருவண்ணாமலையில் இருக்கும் ஆற்காடு லுத்தரன் சபை அந்த மிஷனில் வளர்ந்தது. அந்தச் சண்டையின் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சீடன்: இப்போது நான் உங்களை மடக்குவேன். 1850 கட்டுப்பாடு பிறர் மேல் போட்ட விதி. நீங்கள் அதன் பக்கம் பேசுகிறீர்கள். என் சபை விதி போட்டால் மட்டும் தப்பா?

குரு: மடக்கு. அந்த விதியின் பாரம் யார் மேல் விழுந்தது? முன்வரிசையில் இருந்தவன் மேல். யாரைக் காத்தது? என்னைப் பின்னால் உட்கார வைக்காதே என்று சொல்ல வாய் இல்லாதவனை. பிறர் மேல் விதி வைக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் அதுதான். உன் முதல் ஆறு வரி யாரைக் காக்கிறது?

சீடன்: சபையின் பெயரை.

குரு: பெயரை. 1850 கட்டுப்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். கோவிலில் சேர்ந்து உட்கார வைக்க விதியால் முடிந்தது. மனசில் ஒன்றாக உட்கார வைக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்காகச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் உண்டு. விதி இல்லாமல் விட்டவர்களும் அங்கேதான் வந்து நின்றார்கள். ஆகவே விதி போதும் என்றும் நான் சொல்லமாட்டேன், விதி வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

சீடன்: தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் யாராவது பக்கத்தில் உண்டா?

குரு: மலையிலிருந்து இறங்கினால் திருப்பத்தூர். அங்கே 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் வியாபாரத்தில் பேர் பெற்ற பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஜனங்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். கதர் உடுப்பு, சைவச் சாப்பாடு, கல்யாணம் இல்லாத வாழ்க்கை. ஜெபாலயம்கூட நம் நாட்டு இந்துக் கோவில்கள் மாதிரி கோபுரம் வைத்துக் கட்டினது. உன் தாளை விடக் கடுமையான விதிகள். ஆனால் அவர்களுடைய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வருகிறவன் கதர் உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்றில்லை.

சீடன்: அதனால் அவர்களுக்கு நஷ்டம் வந்ததா?

குரு: 1932இல் சென்னையில், அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்தது. வெள்ளைக்காரன் என்ற சலுகையை அவர் உடுத்திய துணி வாங்கிக்கொண்டது. தானாக எடுத்த விதிக்கு அவரே முதுகு கொடுத்தார். அந்த விதியைக் கழற்றிப் போட அவருக்கு ஒரு நிமிஷம் போதும், கழற்றவில்லை. அவரைச் சுதந்திரம் இல்லாதவர் என்று சொல்வாயா?

சீடன்: சொல்லமாட்டேன். சரி, ஐயா, என் காரியத்துக்கு வாருங்கள். தலைக்கட்டு வரி கொடுக்கலாமா? அந்தப் பணத்தில்தான் கிடா, பூசை, மைக்செட், பந்தி எல்லாம். மிச்சத்தில் ஊர்க் கிணறு தூர் வாருவார்கள்.

குரு: ஊர்க்கவுண்டரிடம் நேராகப் போ. பூசைக்கு என் பங்கு வேண்டாம், பந்திக்கும் கிணற்றுக்கும் இரண்டு பங்கு தருகிறேன் என்று சொல்.

சீடன்: இரண்டு பங்கா?

குரு: உன் மனச்சாட்சிக்கு விலை உண்டு. அதை நீ கொடு. ஒரு பங்கு குறைந்தால் மற்ற வீடுகள் அதைச் சுமக்கும். உன் விசுவாசத்துக்கு அவர்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?

சீடன்: கவுண்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

குரு: ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அப்போது ஊருக்கு உன் மேல் கோபம் வரும். ஆனால் காசை மிச்சம் பிடிக்கச் சாமியைச் சாக்கு சொன்னான் என்று பேச முடியாது.

சீடன்: தாலி?

குரு: அதை என்னிடம் ஏன் கேட்கிறாய்? சிலுவை வைத்துத் தாலி கட்டுகிற சபைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. கட்டாத சபைகளும் உண்டு. இரண்டிலும் நல்ல குடும்பங்கள் இருக்கின்றன. அவளைக் கேள். சொல்லிவிட்டு வராதே, கேட்டுவிட்டு வா.

சீடன்: அவள் வேண்டும் என்றால் எங்கள் சபையில் கல்யாணம் நடத்தித் தரமாட்டார்கள். என்னை நீக்கிவிடுவார்கள், ஐயா. ஆம்பூரில் எனக்கு அவர்களை விட்டால் யாரும் இல்லை. குடியை விட்டபோது என்னைத் தூக்கியவர்களும் அவர்கள்தான்.

குரு: அது சின்ன நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களை நீ வெறுக்கவும் வேண்டாம். ஆனால் ஆறு வரியில் ஒன்றின் பாரம் இப்போதுதான் முதல் தடவையாக உன் பக்கம் சாய்கிறது. இதுவரை அவள் ஒருத்தியாக அதைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் அதையும் நம்பு. பூவும் பொட்டும் இல்லாமல் இருக்க மனதார விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் அது அவள் வாயிலிருந்து வரவேண்டும்.

சீடன்: சரி, ஆயாவிடம் போகிறேன். அம்மன் கறி சாப்பிடமாட்டேன், அதில் எனக்கு மனம் மாறவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதலில் அவளைத்தான் கூப்பிட வேண்டும். போதகரிடம், உபதேசியார் ஐயா இப்படிச் சொன்னார் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

குரு: என் பெயரை எடுக்காதே. நான் சொன்னதற்காகச் செய்தால் போதகரை விட்டு என்னிடம் மாட்டிக்கொண்டாய் என்று அர்த்தம்.

சீடன்: அப்படியானால் ஏன் என்று கேட்பார்களே, நான் என்ன சொல்வது?

குரு: கேட்கட்டும். ஆயா கேட்பாள், கவுண்டர் கேட்பார், போதகர் கேட்பார், கட்டிக்கொள்ளப் போகிறவளும் கேட்பாள். ஒவ்வொருவருக்கும் நீயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே பதில் நாலு பேருக்கும் ஒத்துவராது. தாளைக் காட்டித் தப்பிக்க முடியாமல் பதில் சொல்லும் அந்தக் கஷ்டத்துக்குத்தான், தம்பி, கிறிஸ்துவுக்குள் சுதந்திரம் என்று பேர்.